தெரிந்ததும் தெரியாததும்

அக்கா தொலைபேசியில் வணக்கம் சொல்ல மாட்டார். சுகம் விசாரிக்கவும் மாட்டார். குளிர்காலத்தில், வெளிச்சம் வருமுன் மணி அடித்தால் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டியதுதான்.

"தம்பி, தெரிஞ்சதை முதல் சொல்லுறன். ஆத்தங்கரை ரோட்டுக்கு உப்புப் போட்டாச்சு. பாலத்துக்குப் போடேல்லை. பஸ் ஓடுது. இனித் தெரியாதது. பின்னேரம் பஸ் திரும்பி ஓடுமோ தெரியாது. மழை வந்து ரோட்டிலை உறையுமோ தெரியாது. வாறதெண்டால் வாரும். ஏலாதெண்டால் சொல்லும், நான் பதிஞ்சு விடுறன். உம்மடை முடிவு."

என் பதிலைக் கேட்டதும் வைத்துவிடுவார். அடுத்த ஆளுக்கு எடுக்க வேண்டும்.

ஜெர்மனியின் சவர்லாண்ட் மலைப்பக்கத்துச் சிறு நகரம் அது. நகரசபையின் வேலைத்தளத்தில் நான் வீதிப் பகுதியில் இருந்தேன். கோடையில் புல் வெட்டுவோம், குழி அடைப்போம். குளிர்காலத்தில் லொறியின் முன்னால் இரும்புத் தகட்டைப் பூட்டிப் பனி வழித்து உப்புத் தூவுவோம். அக்கா அங்கே அலுவலகத்தில் இருந்தார். புயல் எச்சரிக்கை வந்தால் நகரசபைக்கு வேலை செய்கிற அத்தனை பேருக்கும் தகவல் சொல்வது அவருடைய பொறுப்பு. வீதிக்காரர், பாலர் பாடசாலை ஆசிரியைகள், நூலகத்துப் பெண், நீச்சல் தடாகத்தைக் கவனிக்கிறவர், எல்லோரும் அதில் அடக்கம். வெளியே போன லொறிகளோடு வயர்லெஸில் பேசுவதும் அவர்தான்.

குள்ளமான மனுஷி. கம்பளி மேற்சட்டையின் இரண்டு பைகளும் எப்போதும் எதையாவது போட்டுப் புடைத்திருக்கும். சின்னப் பொட்டு, கழுத்தில் நூல் கட்டித் தொங்கும் கண்ணாடி. எண்பதுகளில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கியவர்களில் ஒருவர். அவருடைய ஜெர்மன் மொழி இலக்கணப் பிழையில்லாமல் யாழ்ப்பாண ராகத்தில் ஓடும். எனக்கு மட்டும் அவர் அக்கா என்றில்லை, அந்த ஊரில் இருந்த எங்கள் தமிழ் ஆட்கள் எல்லோருக்கும் அக்காதான். வேலைத்தளத்தில் அந்தச் சொல்லை என்னிடம் கேட்டுப் பழகிய ஜெர்மன்காரர் சிலரும் அப்படியே கூப்பிட்டார்கள்.

அவருக்கு ஒரு குணம். தனக்குத் தெரிந்ததை அப்படியே சொல்வார். தெரியாததைத் தெரியாது என்று சொல்வார். இரண்டுக்கும் நடுவில் மனிதர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற இதமான பேச்சு எதுவும் அவரிடம் கிடையாது. 'ஒண்டும் நடக்காது', 'எல்லாம் சரிவரும்', 'யோசியாதேங்கோ' என்று அவர் யாருக்கும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒருநாள் தேநீர் நேரத்தில் கேட்டேன். "அக்கா, சண்டைக்காலத்திலை ஏதும் நடந்ததோ? ஆரும் பொய் சொல்லி ஏமாத்தினவையோ? அதாலையோ இப்பிடி?"

"எல்லாத்துக்கும் சண்டையிலை காரணம் தேடாதையும், தம்பி. நான் சின்னனிலையே இப்பிடித்தான். வீட்டுக்கு வந்த சொந்தக்காரரிட்டை, உங்களுக்கும் வைச்சால் சோறு காணாது, ஆனபடியால்தான் அம்மா தனக்குப் பசியில்லை எண்டவ எண்டு சொல்லி அடி வாங்கினனான்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் குணம் எல்லா நேரமும் சிரிக்கக்கூடியதாக இருக்கவில்லை.

எங்கள் ஆட்களில் ஒரு அண்ணை, உணவகச் சமையலறையில் காலமெல்லாம் நின்று உழைத்தவர், வருத்தமாகி ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருக்கு ஜெர்மன் மொழி சரிவராது. டொக்டரோடு கதைக்க அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். என்னையும் துணைக்கு அழைத்திருந்தார்கள். டொக்டர் நீளமாகப் பேசி முடித்தார். கட்டில் காலடியில் நின்ற மகன் அக்காவைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார். சொல்ல வேண்டாம் என்று அர்த்தம். அது அறையில் இருந்த எல்லோருக்கும் விளங்கியது.

"என்னவாம் பிள்ளை?" என்று அண்ணை கேட்டார்.

"அண்ணை, இது மாறாத வருத்தமாம். மருந்து நோவுக்குத்தானாம், வருத்தத்துக்கு இல்லையாம். வாற கோடைக்கு இருப்பியளோ எண்டு தனக்குத் தெரியாதாம்."

அண்ணை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு யாரோடும் அதிகம் பேசவில்லை என்று வீட்டார் சொன்னார்கள். செத்தவீட்டுக்கு அக்கா போனபோது அவருடைய மனைவி முகம் கொடுக்கவில்லை. அதன் பிறகு எங்கள் ஆட்கள் கல்யாணம், சாமத்தியவீடு என்று எதற்கும் அக்காவைக் கூப்பிடுவது குறைந்துபோனது.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து காரில் திரும்பி வருகையில் நான் கேட்டிருந்தேன். "மகன் தலையாட்டினதைக் கண்டனீங்கள்தானே, அக்கா?"

"கண்டனான். ஆனா கேட்டது தகப்பன்."

"அவருக்கு அது நல்லதோ?"

"தெரியாது," என்றார்.

நகரசபையிலும் இதே கதைதான். ஒரு குளிர்காலத்தில் உறைமழை பெய்தது. வீதியெல்லாம் கண்ணாடி. கடைக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் பார்க்கிறார்கள், அலுவலகங்கள் திறந்தே இருக்க வேண்டும் என்று மேயர் நினைத்தார். வீதிகளுக்கு உப்புப் போட்டாயிற்று, தாராளமாக வரலாம் என்று ஊழியர்களுக்கு அறிவிக்கும்படி அக்காவிடம் சொன்னார். அக்கா ஒவ்வொருவருக்கும் எடுத்துச் சொன்னார்: "வீதிகளுக்கு உப்புப் போட்டாயிற்று என்று உங்களிடம் சொல்லும்படி மேயர் சொல்கிறார். லொறிகள் இன்னும் முற்றத்தில் நிற்கின்றன. யன்னலால் எனக்குத் தெரிகிறது."

அன்று யாரும் வேலைக்கு வரவில்லை. அக்காவுக்கு எழுத்தில் எச்சரிக்கை கிடைத்தது. அடுத்த குளிர்காலத்தில் எல்லோருடைய கைத்தொலைபேசிக்கும் ஒரே நேரத்தில் செய்தி போகிற ஏற்பாடு ஒன்றை வாங்கினார்கள். 'கடும் வானிலை. கவனமாக இருங்கள்' என்று வரும்.

"கவனமா இருங்கோ எண்டது செய்தியோ? ஆசீர்வாதம் மாதிரியெல்லோ கிடக்குது," என்றார் அக்கா. செய்தி வந்து முடிந்த பிறகும் அவர் தன்பாட்டில் ஒவ்வொருவருக்கும் எடுத்துக்கொண்டுதான் இருந்தார். அவரை நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை. சனம் அந்த அழைப்புக்குத்தான் காத்திருந்தது.

யூர்கனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களில் மூத்த சாரதி. பெரிய உடம்பு, பென்சனுக்குக் கிட்ட வந்துவிட்ட வயது. அக்காவை 'ஷெஃபின்', அதாவது 'முதலாளியம்மா' என்று கூப்பிடுவார். அக்கா யாருடனாவது விளையாட்டாகப் பேசி நான் கண்டதென்றால் அது அவரோடு மட்டும்தான்.

ஒரு குளிர்கால நாள், காலையிலிருந்தே பனி ஈரமாக, கனமாகக் கொட்டியது. மத்தியானத்தை அண்டிக் காற்று எழும்பியது. நகரத்துக்கு மேலே, மலையில், ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. அதற்குப் போகிற ஒரே பாதை காட்டுக்குள்ளால் ஏறும். இருபக்கமும் பட்டைப்பூச்சி தின்று காய்ந்த ஊசியிலை மரங்கள். அந்தப் பாதைக்கு லொறியில் எப்போதும் இரண்டு பேர் போக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அன்றைக்கு யூர்கனோடு போகிறவர் காய்ச்சலில் கிடந்தார். நானும் மெஹ்மெட் என்ற துருக்கிய நண்பனும் மற்ற லொறியில் பள்ளிக்கூடச் சரிவுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தோம். பிள்ளைகளை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். வேலைத்தளப் பொறுப்பாளர் வெளியூர்க் கூட்டத்துக்குப் போய் நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டிருந்தார். அங்கிருந்தே போனில் உத்தரவு சொன்னார்.

அக்கா முற்றத்துக்கு வந்து, எங்கள் எல்லோர் முன்னாலும் யூர்கனிடம் சொன்னார். "தெரிந்ததைச் சொல்கிறேன். உன்னோடு வர ஆள் இல்லை. காட்டில் மரம் விழக்கூடிய காற்று. பொறுப்பாளர் உன்னைத் தனியே போகச் சொல்கிறார். நீ மாட்டேன் என்றால் உன்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அது உன் உரிமை. காற்று இன்னும் கூடுமா என்பது எனக்குத் தெரியாது."

"மேலே ஒரு கிழவிக்கு மூச்சு முட்டினால் அம்புலன்ஸ் எப்படி ஏறும், ஷெஃபின்?" என்றார் யூர்கன். சுடுநீர்ப் போத்தலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு லொறியில் ஏறினார்.

நாங்கள் பள்ளிக்கூடச் சரிவை முடித்து உப்பு ஏற்றத் திரும்பி வந்தபோது அக்கா வயர்லெஸுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் அங்கே நின்று நான் பார்த்ததில்லை. எப்போதும் உட்கார்ந்துதான் பேசுவார்.

மரம் லொறியின் மேல் விழுந்திருந்தது. சாரதிப் பக்கம் நசுங்கி, யூர்கனின் இரண்டு கால்களும் அகப்பட்டிருந்தன. அந்த மடுவில் கைத்தொலைபேசி எடுக்காது. வயர்லெஸ் மட்டும் வேலை செய்தது. அவருடைய குரல் விட்டுவிட்டு வந்தது. அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டார். இரத்தம் வருகிறதா? எங்கே? கை அசைகிறதா? எந்த வளைவு? கேட்டதைத் தீயணைப்புப் படைக்குச் சொன்னார்.

தீயணைப்புப் படையினர் காட்டின் விளிம்பு வரை போனார்கள். அவர்களுக்கு முன்னாலும் பின்னாலும் மரங்கள் விழுந்தன. காற்று விழும் வரை யாரும் உள்ளே போகக்கூடாது என்று தலைவர் கட்டளையிட்டுத் தன் ஆட்களைப் பின்வாங்கச் செய்தார்.

யன்னலால் தெரிந்த, உப்பு அள்ளும் பெரிய இயந்திரத்தைக் காட்டி மெஹ்மெட் கத்தினான். "சக்கர லோடரின் சாவியைத் தா. மரத்தைத் தள்ளிக்கொண்டு நான் போகிறேன்."

அக்கா கொழுவியிலிருந்து சாவியை எடுத்துத் தன் மேற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "போகக்கூடாது."

"அவர் செத்துப்போவார்!"

"சாகலாம்," என்றார் அக்கா. "நீயும் போனால் நீயும் சாகலாம். உனக்கு நான் சாவி தர மாட்டேன்."

மெஹ்மெட் அவருக்கு மிகக் கிட்ட வந்தான். அடிக்கப்போகிறான் என்று நினைத்து நான் இடையில் போனேன். அவன் அடிக்கவில்லை. கதவுச் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான்.

வயர்லெஸில் யூர்கன் கேட்டார். "யாராவது வருகிறார்களா?"

நான் தமிழில், அவசரமாகச் சொன்னேன். "அக்கா, ஒரு பொய் சொன்னால் என்ன குறைஞ்சு போவியள்? அந்த மனிசனுக்கு இப்ப உண்மை என்னத்துக்கு?"

"உதவி வருது எண்டு நம்பினால் தனக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருந்திடுவார், தம்பி." அப்படிச் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினார். "யூர்கன், இப்போது யாரும் வரவில்லை. காற்று விழ வேண்டும். எப்போது விழும் என்று தெரியாது. தெரிந்தால் உடனே சொல்வேன்."

மறுபக்கம் இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு அவர் குரல். "அப்படியென்றால் நானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்."

இயந்திரத்தை நிறுத்து, புகைக்குழாய் பனிக்குள் புதைந்திருந்தால் நச்சுப் புகை உள்ளே வரும் என்றார் அக்கா. அவர் நிறுத்தினார். இடுப்பு வாரைக் கழற்றித் தொடையில் இறுக்கிக் கட்டச் சொன்னார். அவர் கட்டினார். கட்டும்போது அவர் போட்ட சத்தம் எங்களுக்குக் கேட்டது. ஆசன உறையைக் கிழித்துப் போர்த்திக்கொண்டார். வெகுநேரம் அப்படியே போனது. அவர் பேச, அக்கா பேச, காற்று மட்டும் குறையவேயில்லை.

பிறகு யூர்கன் தன் மனைவியோடு பேச வேண்டும் என்றார்.

அக்கா மேசைத் தொலைபேசியில் அவருடைய வீட்டுக்கு எடுத்தார். நடந்ததை மனைவிக்குச் சொன்னார். எதையும் குறைக்கவில்லை. பிறகு தொலைபேசிக் குழாயை வயர்லெஸ் ஒலிவாங்கியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எங்களைப் பார்த்து, "வெளியே போங்கள்," என்றார். மனைவி பேசும்போது பொத்தானை அழுத்த வேண்டும், கணவன் பேசும்போது விட வேண்டும். அதனால் அவர் மட்டும் உள்ளே இருந்தாக வேண்டியிருந்தது. 

நாங்கள் நடையில் நின்றோம். கதவு மெல்லியது. கொஞ்ச நேரத்தில் மின்விளக்குகள் ஒருமுறை அணைந்து எரிந்தன. நகரத்தின் மறுபாதியில் மின்சாரம் போயிருந்தது. யூர்கனின் வீடும் அந்தப் பாதியில்தான். அக்காவின் குரல் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

"யூர்கன், வீட்டு இணைப்பு அறுந்துவிட்டது. நீ கடைசியாகச் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. எனக்குத்தான் கேட்டது."

மெஹ்மெட் காதைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்குப் போனான். ஒரு சவளை எடுத்து, ஏற்கெனவே வழித்திருந்த இடத்தில் பனி வழிக்கத் தொடங்கினான்.

அதற்குப் பிறகு உள்ளே அக்கா தாழ்ந்த குரலில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். காற்றுச் சத்தத்தில் சொற்கள் பிடிபடவில்லை. பேசியது ஜெர்மன் அல்ல, தமிழ் என்று மட்டும் தெரிந்தது. அக்காவின் வீட்டிலிருந்து யாரோ எடுத்திருக்கிறார்கள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

கதவைத் திறந்தபோது யன்னலில் வெளிச்சம் மங்கியிருந்தது.

"கதைக்கிறார் இல்லை," என்றார்.

"முடிஞ்சுதோ, அக்கா?"

"தெரியாது. கதைக்கிறார் இல்லை. அது மட்டுந்தான் தெரியும்."

காற்று விழுந்ததும் தீயணைப்புப் படையினர் மரங்களை வெட்டிக்கொண்டு ஏறினார்கள். யூர்கனைப் பிணமாகத்தான் இறக்கினார்கள்.

யூர்கனை அக்கா கொன்றுவிட்டாள் என்று மெஹ்மெட் எல்லோரிடமும் சொன்னான். சிலர் நம்பினார்கள். பனி உருகுமுன் அவன் வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போனான். நானும் ஒருநாள் அக்காவிடம் கேட்டேன், லோடரைக் கொடுத்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று.

"பிழைச்சிருக்கலாம். மெஹ்மெட்டும் செத்திருக்கலாம். எது எண்டு எனக்குத் தெரியாது, தம்பி. தெரியாமல்தான் இருக்கப்போறன்."

அவர் மெலிந்துபோயிருந்தார். மேசையில் வைத்த தேநீர் ஆறிக் கிடக்கும். ஆனாலும் எச்சரிக்கை வந்த நாட்களில் எல்லோருக்கும் எடுத்தார். சிலர் அவருடைய இலக்கத்தைக் கண்டால் எடுக்காமல் விட்டார்கள். அவர் திரும்பத் திரும்ப எடுத்தார்.

அதற்கெல்லாம் முன்னால், அடக்கத்தின்போது, யூர்கனின் மனைவி, கல்லறைக்குப் பக்கத்தில் வரிசையில் நின்றவர்களிடம் கை கொடுத்துக்கொண்டு வந்து அக்காவின் முன்னால் நின்றார். "அவருக்கு வலித்ததா?" என்று கேட்டார்.

பக்கத்தில் நின்ற மேயர் முந்திக்கொண்டு, "இல்லை, அமைதியாகத் தூங்கிவிட்டார்," என்றார்.

"வலித்தது," என்றார் அக்கா. "நிறைய வலித்தது. பிறகு குளிரில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது."

மனைவி கையை இழுத்துக்கொண்டு நகர்ந்தார். அவருடைய தங்கை அக்காவைப் பார்த்து ஏதோ கடுமையாகச் சொன்னார்.

வசந்தம் தொடங்கிய பிறகு, ஒரு மதிய இடைவேளையில், அந்த மனைவி வேலைத்தளத்துக்கு வந்தார். மருந்துக்கடையில் வேலை செய்கிறவர், வெள்ளைச் சட்டையைக் கழற்றாமலே வந்திருந்தார். சாப்பாட்டு அறையில் அக்காவும் நானும்தான் இருந்தோம். நான் எழும்பினேன். நீங்களும் இருங்கள் என்றார்.

"எல்லோரும் அவர் தூங்கிவிட்டார் என்றே சொல்கிறார்கள்," என்றார். "மேயர், பாதிரியார், என் தங்கை, எல்லோரும். அவருடைய கைகளை நான் பார்த்தேன். தூங்கியவரின் கைகள் அல்ல. வலித்தது என்று நீங்கள் மட்டும்தான் சொன்னீர்கள். அதற்காக உங்களை வெறுத்தேன். இப்போது கேட்பதற்கு உங்களை விட்டால் ஆளில்லை. இணைப்பு அறுந்த பிறகு என்ன சொன்னார்?"

அக்கா கையிலிருந்த கரண்டியை வைத்தார். "முதலில் என்னைத் திட்டினார்."

"என்னவென்று?"

அக்கா அந்தச் சொல்லைச் சொன்னார். மனைவிக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்தது. "அவர்தான்," என்றார்.

"பிறகு அழுதார். மகனோடு அத்தனை காலம் பேசாமல் இருந்தது பிழை என்றார். மகனிடம் அதைச் சொல்லவா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. அதனால், சொல்லச் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன்."

மனைவி தலையை ஆட்டினார். "பிறகு?"

"களைத்துவிட்டது என்றார். இனி எதையும் விளங்கிக்கொள்ள வேண்டாம் போலிருக்கிறது, உன் மொழியில் ஏதாவது பேசிக்கொண்டிரு என்றார். நான் பேசினேன். கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் நிறுத்தினால், ம் என்பார். கடைசியில் நிறுத்தியபோது அந்தச் சத்தம் வரவில்லை."

"என்ன பேசினீர்கள்?"

அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"பொய் சொன்னேன்," என்றார்.

"என்ன பொய்?"

"வந்துகொண்டிருக்கிறார்கள் என்றேன். பாதை திறந்துவிட்டது என்றேன். அவருக்கு விளங்காது என்பதால் சொன்னேன்."

மனைவி இரண்டு கைகளையும் மேசையில் விரித்து வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவருக்குச் சொன்ன மாதிரியே எனக்குச் சொல்லுங்கள்," என்றார்.

"உங்களுக்கும் விளங்காது."

"பரவாயில்லை."

அக்கா தொண்டையைச் செருமினார். பிறகு தமிழில், ஒரு பிள்ளையைத் தட்டி உறங்கவைக்கிற குரலில், தொடங்கினார்.

"வருகினம், யூர்கன். ரோட்டுத் திறந்திட்டுது. மெஹ்மெட் முன்னுக்கு வாறான். உம்மடை மனிசியும் வாறா. எல்லாரும் வருகினம். கிட்ட வந்திட்டினம். பயப்பிடாதையும், எல்லாம் சரிவரும்."

மனைவி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அக்கா நிறுத்தியதும், "ம்," என்றார். அக்கா மறுபடி தொடங்கினார்.

அந்த அறையில் அந்த வார்த்தைகள் விளங்கியது என் ஒருவனுக்குத்தான். இருக்க முடியாமல் வெளியே போய், உப்புக் கொட்டகையின் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.